இரும்புக்கை மாயாவியும் எதிர்வீட்டு மாமாவும்

உங்கள் வீட்டுக்காரருக்கு இன்று ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால் இன்னும் விசேஷம். காலையில் காபியும் கையுமாக அவர் உட்கார்ந்திருக்கும் சமயம் பார்த்து, "இரும்புக்கை மாயாவியின் நிஜப் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "லூயிஸ் கிராண்டேல்" என்று பதில் வரும். போன வெள்ளிக்கிழமை நீங்கள் வாங்கி வரச் சொன்ன பெருங்காயம் அவருக்கு மறந்து போயிருக்கும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தது மட்டும் மறக்காது!

அவரைக் கோபித்துப் பிரயோசனமில்லை. அவர் ஒண்டி ஆள் அல்ல. உங்கள் எதிர்வீட்டு மாமாவும் அதே ஜாதிதான். வெளியே சொல்லிக் கொள்வதில்லை, அவ்வளவே. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று கடற்கரை வரை ஓடும் நமது மின்சார ரயிலில் இந்தக் கூட்டத்தார் சிலரேனும் எப்போதும் பிரயாணம் செய்து கொண்டிருக்கிறார்கள். பார்த்தால் சாதாரண மனிதர்களாகத்தான் தெரியும். ஆனால், பையிலிருந்து ஒருவர் புதுச் சித்திரக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துவிட்டாரோ, பிறகு அந்தப் பெட்டியில் நடக்கும் சம்பாஷணையே வேறு!

"சார், அடுத்த வருஷ அட்டவணை பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தம்பி. டெக்ஸ், டெக்ஸ், மறுபடியும் டெக்ஸ்! எங்க ஸ்பைடரைக் காணோமே?"

"அந்தக் கதையெல்லாம் மறுபதிப்பாவே எத்தனையோ வந்தாச்சே, சார்!"

"மறுபதிப்புன்னா மட்டமா? நீ பிறக்கறதுக்கு முன்னாடி வந்த கதை தம்பி அது."

"அதனாலேதான் சார் சொல்றேன். நான் பிறந்த பிறகு வந்த கதையும் ஒண்ணு ரெண்டு படிச்சுப் பார்க்கலாமேன்னு!"

இப்படியே மாம்பலம் வரை போகும். நடுவில் மீனம்பாக்கத்தில் ஏறிய ஓர் அம்மாள், "ஜூலியா கதை எப்போ சார் வருது?" என்று கேட்டு வைப்பார். இருவரும் திகைத்துப் போவார்கள். பெண்பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பது இவர்களில் பலருக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

அது என்ன அட்டவணை, எதற்கு இந்தச் சண்டை என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சிவகாசி வரையில் போய் வர வேண்டும்.

பட்டாசுக்கும் காலண்டருக்கும் பெயர் போன அந்த ஊரில், 1972-ம் வருஷம் சௌந்தரபாண்டியன் என்பவர் 'முத்து காமிக்ஸ்' என்று ஒரு பிரசுரத்தை ஆரம்பித்தார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். கதை இங்கிலாந்துச் சரக்கு. அங்கே 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் 1962-ல் தொடங்கிய தொடர். ஆராய்ச்சிச்சாலையில் நேர்ந்த விபத்தில் ஒருவனுக்குக் கை போய், இரும்பில் கை பொருத்துகிறார்கள். அப்புறம் அவன் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் போதும், ஆசாமி மறைந்து விடுவான். அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தொங்கும்! படம் போட்டவர் ஸ்பெயின் தேசத்து ஜீஸஸ் பிளாஸ்கோ. வெறும் கறுப்பு மையைக் கொண்டு மனிதர் என்ன இருட்டு, என்ன வெளிச்சம் காட்டியிருக்கிறார்! அச்சுத்தரம் சுமாராக இருந்த அந்த நாளிலேயே பையன்கள் சொக்கிப் போனதில் வியப்பில்லை. பிளக்கில் விரலை வைத்துப் பார்க்கப் போய் அம்மாவிடம் அடி வாங்கிய பையன்களின் கணக்கை யார் எடுத்தார்கள்?

இரும்புக்கையாரின் வெற்றிக்குப் பின் வேதாளரும் மந்திரவாதி மாண்ட்ரேக்கும் வந்து சேர்ந்தார்கள். 1984-ம் வருஷம் ஜூலையில் அதே சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' பிறந்தது. ஆசிரியர் சௌந்தரபாண்டியனின் குமாரர் விஜயன். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த இளைஞர். அதே மாதத்தில் 'தினத்தந்தி' நிறுவனத்தாரின் 'ராணி காமிக்ஸ்' ஜேம்ஸ் பாண்டை அழைத்துக் கொண்டு வந்தது. 2005 வரையில் நடந்தது.

இங்கே சகோதரிகள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பையன்களுக்கென்றே நினைத்த அந்த லயன் காமிக்ஸின் முதல் இதழில் கதாநாயகன் கிடையாது, கதாநாயகிதான்! 'கத்தி முனையில் மாடஸ்டி' என்பது கதையின் பெயர். மாடஸ்டி பிளைசி என்ற அந்தப் பெண்ணை 1963-ல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காகச் சிருஷ்டித்தவர் பீட்டர் ஓ'டோனல். அகதியாக அலைந்து, தன் புத்தியாலும் கைகால் பலத்தாலும் பிழைத்து எழுந்தவள் அவள். அவளுடைய தோழன் கார்வின் அவளை 'இளவரசி' என்றுதான் கூப்பிடுவான். நம் ரஸிகர்களும் அதே மரியாதையோடு இன்றைக்கும் 'இளவரசி' என்றே சொல்கிறார்கள். வீட்டில் மனைவியை 'ஏய்' என்று கூப்பிடுகிறவர்கூட மாடஸ்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்!

லயனில் அடுத்து வந்து வெற்றிக்கொடி நாட்டியவன் ஸ்பைடர். 'எத்தர்களின் எத்தன்' என்ற கதையில் அறிமுகமானான். அமெரிக்க ஸ்பைடர்மேன் வேறு, இவன் வேறு. குழப்பிக் கொண்டால் ரஸிகர்கள் மன்னிக்க மாட்டார்கள். கூர்மையான காதும் கறுப்பு உடையுமாக, உலகத்துத் திருடர்களுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பி, பிறகு மனம் மாறித் திருடர்களையே பிடிக்க ஆரம்பித்தவன். செல்லமாக இவனுக்குக் 'கூர்மண்டையன்' என்று பெயர். கூடவே ஆர்ச்சி என்ற இயந்திர மனிதன்; அவனுக்குச் 'சட்டித்தலையன்' என்று பெயர். கதைகளில் காதிலே முழம் முழமாகப் பூச்சுற்றுவார்கள். ரஸிகர்களே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால், வேறு யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார்கள்!

ஸ்பைடரைப் பற்றி ஒரு சங்கதி. சூப்பர்மேனைத் தெரியாத குழந்தை கிடையாது. அவனை 1930-களில் கற்பனை செய்தவர்கள் ஜெர்ரி ஸீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு ஏழை இளைஞர்கள். 1938-ல் அந்த உரிமையை அவர்கள் பதிப்பாளருக்கு விற்ற விலை 130 டாலர். ஆமாம், வெறும் 130. பதிப்பாளர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள். சிருஷ்டித்தவர்கள் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். பிழைப்புக்காக எங்கெங்கோ எழுதிக் கொண்டிருந்த ஸீகல், 1966 முதல் சில வருஷங்கள் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கும் கதை எழுதினார். எந்தக் கதை தெரியுமா? நம் கூர்மண்டையன் கதைதான்! 1975-ல்தான் அவருக்கும் ஷஸ்டருக்கும் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித் தொகை என்று முடிவாயிற்று. ஆக, பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும் திண்ணையில் உட்கார்ந்து ஸ்பைடர் படித்த பையன்கள், தங்களை அறியாமலே சூப்பர்மேனின் தகப்பனார் எழுத்தைத் தமிழில் படித்துக் கொண்டிருந்திருக்கிறார்கள். ஸ்பைடரின் சொந்த நாட்டில் அவனை நினைத்துக் கொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ. தமிழ்நாட்டில் அவனுக்கு வயதாகவே இல்லை. இங்கிலாந்திலும் இந்தப் பழைய கதைகளின் உரிமையை 'ரெபெல்லியன்' என்ற நிறுவனம் வாங்கி, 2021-ல் இரும்புக்கையாரையும் ஸ்பைடரையும் புதுத் தொகுதிகளாகக் கொண்டு வந்தது. நம்மவர்கள், "இப்போதுதான் விழித்துக் கொண்டார்களா?" என்று கேட்கிறார்கள்.

இனி அட்டவணை விஷயம். 2000-க்குப் பிறகு சில வருஷங்கள் தமிழ்ச் சித்திரக் கதைகளுக்குப் போதாத காலம். அடுத்த இதழ் எப்போது வரும் என்று ஜோசியரைத்தான் கேட்க வேண்டும். தொலைக்காட்சி வந்தது, கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது, பையன்கள் போய்விட்டார்கள். 2012 ஜனவரியில் லயன் மறுபடி எழுந்து நின்றது. இந்தத் தடவை நல்ல காகிதத்தில், வண்ணத்தில், நூறு ரூபாய் விலையில். யார் வாங்குவார்கள் என்று நினைத்தார்களோ? வாங்கினவர்கள் அதே பழைய பையன்கள்தான்! நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக, இப்போது சொந்தச் சம்பாத்தியத்தோடு வந்தார்கள். அன்று முதல் மாதந்தோறும் புத்தகங்கள் வருகின்றன. முன்கூட்டியே வருஷச் சந்தா கட்டுகிறவர்களை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. எனவே, ஆண்டு முடியும் தறுவாயில் அடுத்த வருஷம் எந்தெந்தக் கதை என்று ஆசிரியர் ஒரு பட்டியல் வெளியிடுவார். ரஸிகர்களுக்கு அதுதான் பட்ஜெட் தினம்!

சர்க்கார் பட்ஜெட்டைக்கூட நாம் விமரிசனம் செய்வதோடு சரி, மாற்ற முடியாது. இவர்களுடைய விமரிசனம் அப்படியல்ல. படிக்கிறவர்கள் இன்னார் என்று ஆசிரியருக்குத் தெரியும். ஆசிரியர் என்ன சொன்னார் என்று இவர்களுக்கு மனப்பாடம். ஆகஸ்டு மாதத்தில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி நேரிலேயே கூடிப் பேசுகிறார்கள். நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று தேடி அலையும் 'இரத்தப் படலம்' என்ற நெடுங்கதையை முழுவதும் வண்ணத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, முன்பணம் கட்டி, 2018-ல் அதைப் புத்தகமாகக் கையில் வாங்கியவர்கள் இவர்கள். 2022-ல் வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன் ஆகிய பழைய புள்ளிகளுக்கென்றே தனிச் சந்தா ஒன்று வந்ததும் இத்தகைய நச்சரிப்பின் பலன்தான்.

ஆனால், எல்லோருக்கும் ஒரே ஆசை இருந்தால் சண்டை ஏது? ஒரு கட்சியார், "இரும்புக்கையார், ஸ்பைடர், ஆர்ச்சி இவர்கள் இல்லாத காமிக்ஸ், உப்பில்லாத சாதம்" என்பார்கள். இன்னொரு கட்சிக்கு இத்தாலிய தேசத்து டெக்ஸ் வில்லர்தான் தெய்வம். 1948-ல் அங்கே பிறந்து, 1985-ல் தமிழ் பேச ஆரம்பித்த அந்தக் குதிரை வீரரை 'இரவுக் கழுகார்' என்று பயபக்தியோடு சொல்வார்கள். அவரில்லாமல் தீபாவளி மலரா? வெடியில்லாத தீபாவளிதான்! மூன்றாவது கட்சி கொஞ்சம் இளவட்டம். "அடிதடியே எத்தனை நாளைக்கு? பெரியவர்கள் படிக்கிற மாதிரி கனமான கதை போடுங்கள்" என்பது அவர்கள் வாதம். மீனம்பாக்கத்து அம்மாள் கேட்ட ஜூலியாவும் இந்தக் கடைசி வகைதான். துப்பாக்கியை அதிகம் தூக்காமல், குற்றவாளியின் மனசைப் படித்துத் துப்புத் துலக்கும் பெண்மணி. என்னைக் கேட்டால், நமது வாசகிகள் எடுத்த உடனே படிக்கத் தக்கவள் அவளே. கூர்மண்டையன் கட்சியார் என்னைக் கோபிக்கட்டும்.

யார் சொல்வது நியாயம்? பழையதையே போட்டுக் கொண்டிருந்தால், அதை நினைவு வைத்திருக்கும் தலைமுறையோடு கதை முடிந்தது. புதியதையே போட்டால், பணம் கட்டுகிற பழையவர்கள் கைவிடுவார்கள். ஆசிரியரின் நிலைமை, நாத்தனாருக்கும் மாமியாருக்கும் நடுவில் சமையல் செய்கிற மருமகளின் நிலைமைதான்!

இந்த வாதப் பிரதிவாதத்தில் ஒரு குரல் மட்டும் கேட்பதே இல்லை. குழந்தைகளின் குரல்! 'சிறுவர் புத்தகம்' என்று பெயர் வாங்கிய ஒன்றுக்காகத் தாத்தா ஆகப் போகிறவர்கள் சண்டை போடுகிறார்கள், சிறுவர்களைக் காணோம்.

எங்கே போனார்கள்? அதிக தூரம் இல்லை. பரங்கிமலையைத் தாண்டி நந்தம்பாக்கம் வரை போனால் போதும். அங்கே சென்னை வர்த்தக மையத்தில் 2024-ம் வருஷம் பிப்ரவரியில் 'காமிக் கான்' என்ற சித்திரக் கதைத் திருவிழா முதல் தடவையாக நம் ஊரில் நடந்தது. ஸ்பைடர்மேன் வேஷத்திலும் ஜப்பானியக் கதாநாயகர் வேஷத்திலும் இளைஞர்களும் யுவதிகளும் ஒரே குதூகலம். சித்திரக் கதை செத்துப் போயிற்று என்று யார் சொன்னது? செழிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், அவர்கள் படிப்பதெல்லாம் இங்கிலீஷில். அமெரிக்கக் கதையும் இங்கிலீஷில், ஜப்பானியக் கதையும் இங்கிலீஷில். ஒரே வீட்டில் அப்பா தமிழில் ஸ்பைடர் படிக்கிறார், பிள்ளை இங்கிலீஷில் ஸ்பைடர்மேன் படிக்கிறான். இருவரும் ஒருவர் புத்தகத்தை ஒருவர் தொடுவதில்லை.

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள் என்பதால் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் குழந்தை பரீட்சைக்காக அல்லாமல், தானாக ஆசைப்பட்டுக் கடைசியாகப் படித்த தமிழ்ப் புத்தகம் எது? யோசிக்க வேண்டியிருக்கிறது அல்லவா? அந்த நாள் பையன்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிரமத்தை மறக்கடித்தவை இந்தப் பொம்மைப் புத்தகங்கள். அடுத்த கட்டத்தில் மாயாவி தப்பினானா என்று தெரிய வேண்டுமே! அந்த அவசரத்தில் 'மின்சாரம்', 'சாகசம்', 'சதிகாரன்' எல்லாம் தானே நாவில் வந்துவிட்டன. எந்த வாத்தியாரும் பிரம்பைக் கொண்டு இதைச் சாதித்ததில்லை.

அன்றைய தாய்மார்கள் இதை ஒப்புக் கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். பையன் பள்ளிக்கூடம் போன சமயம் பார்த்துப் பரணில் இருந்த கட்டு முழுவதையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுப் பாத்திரம் வாங்கிய அம்மாக்கள் நம் புறநகரில் ஏராளம். அதே அம்மாக்கள் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்து, தைத்து, பைண்டு செய்து பெட்டியில் பூட்டி வைப்பார்கள்! 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னை மணியத்தின் சித்திரங்களோடு இன்றும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பாட்டிக்குக் குந்தவையும் நந்தினியும் எப்படியோ, பேரனுக்கு மாயாவியும் அப்படியே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பரணிலிருந்து போனது போனதுதான். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் சந்தை கூடுகிறதே, அங்கே பாருங்கள். செடி வாங்கவும் பழைய நாற்காலி வாங்கவும் நீங்கள் போவீர்கள். பழைய புத்தகக் குவியல் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிக் கொண்டிருக்கும் கண்ணியமான மனிதரைக் கண்டால் பரிதாபப்படுங்கள். தாயார் பேரீச்சம்பழத்துக்குப் போட்டதை அவர் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தேடிக் கொண்டிருக்கிறார். அட்டையில்லாவிட்டாலும் பரவாயில்லை என்பார்.

சினிமாக்காரர்களுக்கு இந்தப் பாசம் புரிந்திருக்கிறது. பத்திரிகையில் கார்ட்டூன் போட்டுக் கொண்டிருந்த சிம்புதேவன், 2010-ல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' என்று குதிரை வீரர் கதையைத் தமிழில் எடுத்தார். கொட்டகையில் சிரித்தவர்களில் பாதிப் பேர் டெக்ஸ் வாசகர்களாக இருந்திருப்பார்கள். 2023-ல் வந்த 'மாவீரன்' படத்தில் கதாநாயகனே தினசரியில் சித்திரக் கதை வரைகிற பயந்த பிள்ளை. தான் வரைந்த வீரனின் குரல் அவன் காதிலேயே கேட்க ஆரம்பிக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த குழந்தை, "அம்மா, அந்த மாதிரிப் புத்தகம் வாங்கித் தா" என்று கேட்டால் எதைத் தருவது?

தருவதற்கு ஒன்று இருக்கிறது. ஜனவரி மாதம் நந்தனத்தில் சென்னைப் புத்தகக் காட்சி கூடும்போது, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்குங்கள். மெட்ரோவுக்கு மாறினால் நந்தனம் ஸ்டேஷன். காட்சியில் சிவகாசிக்காரர்களின் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நரைத்த தலைகள் கூடி, உரக்க விவாதிக்கும் இடமே அது. கூட்டத்தில் புகுந்து 'சுட்டிப் பயில்வான் பென்னி' இருக்கிறதா என்று கேளுங்கள். நீலநிறக் குள்ளர்களான ஸ்மர்ஃப்களை உண்டாக்கிய பெல்ஜியம் நாட்டு பேயோ, 1960-ல் சிருஷ்டித்த பையன். இந்தப் பெரியவர்கள் அவனுக்கு அவ்வளவாக வரவேற்புக் கொடுக்கவில்லை. குழந்தைக் கதை என்று ஒதுக்கிவிட்டார்கள். அதனால் இப்போது கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால், "அடுத்த அட்டவணையில் சேருங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சந்தா கட்டுகிறவர்கள் சொல்வதைத்தான் அங்கே கேட்பார்கள் என்று எழுதினேன் அல்லவா? கடை வாசலில் நிற்கும் தாய்மார்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால், இரவுக் கழுகாரே ஒதுங்கி இடம் கொடுக்க வேண்டியதுதான்.

பென்னி பார்ப்பதற்குச் சமர்த்துப் பிள்ளை. தலையில் தொப்பி, கழுத்தில் மப்ளர். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுவான். ஆனால், ஒரு மோட்டாரை ஒரே கையால் தூக்குவான்; வீட்டுக்கு வீடு தாவுவான். அவனுக்கு ஒரே ஒரு பலவீனம். ஜலதோஷம் பிடித்தால் போதும், அத்தனை பலமும் போய்விடும்! மூக்கை உறிஞ்சிக் கொண்டு சாதாரணப் பையனாக நின்று விடுவான். திருடர்கள் சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் வருவார்கள்.

மார்கழிப் பனியில் தலையில் குல்லாய் போட்டுக் கொள் என்றால் கேட்காத பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்களே. சுக்குக் கஷாயத்தைக் கையில் வைத்துக் கொண்டு அவர்களைத் துரத்தும்போது, பென்னியின் கதையைச் சொல்லிப் பாருங்கள். கஷாயம் இறங்குகிறதோ இல்லையோ, "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்ற கேள்வி நிச்சயம் வரும்.